சொல்லுக்கு ஒரு தம்பிடி

நாப்பத்தேழிலோ எட்டிலோ.
துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா நான்.
கோதுமைக் கப்பலின் சமையல்காரன்
ஒரு சீப்புப் பூவன் பழத்துக்கு
ஒரு கட்டுப் பத்திரிகை கொடுத்தான்.
ஓரம் வெட்டாத தாள்,
மரத்தூள் வாசனை,
தொட்டால் விரலில் மஞ்சள் மாவு.
அட்டை மட்டும் வழவழப்பு:
நாற்காலியில் கட்டப்பட்ட ஒரு பெண்
வாய் திறந்திருக்கிறாள்,
சத்தம் உள்ளே பதினேழாம் பக்கத்தில்.

தங்கசாலைத் தெருவில் அச்சகம் வைத்திருந்த
வெங்கடேசலு புரட்டிப் பார்க்கவில்லை,
கையில் வைத்து எடை பார்த்தார்.
"இதுக்கு அங்கே என்ன கூலி?"
எழுதுகிறவர்களுக்கான அறிவிப்பு உள்ளே இருந்தது.
சொல்லுக்கு ஒரு சென்ட், என்றேன்.
"அப்ப உனக்குச் சொல்லுக்கு ஒரு தம்பிடி.
தமிழ்ல. மாசாமாசம்."

அன்றிரவுதான் புரிந்தது,
அந்த ஊர்த் துப்பறிவாளன்
ஏன் அத்தனை மோசமாகச் சுடுகிறான் என்று.
ஆறு குண்டுத் துப்பாக்கி
பதினோரு முறை வெடிக்கிறது, பத்தும் சுவரில்.
டுமீலுக்கு ஒரு சென்ட்.
எதிரி முதல் குண்டிலேயே விழுந்துவிட்டால்
எழுதியவன் வீட்டில் ரொட்டி இல்லை.

எனக்கு வேறு தொல்லை.
அவன் ஐந்து சொல்லில் நடந்து வருவதை
என் மொழி ஒன்றில் முடித்துவிடுகிறது:
வந்துகொண்டிருந்திருப்பான்.
ஒரு தம்பிடி.
அரிக்கேன் வெளிச்சத்தில் பிரித்துப் போட்டேன்.
வந்து. கொண்டு. இருந்து. இருப்பான்.
காலணாவுக்கு மேலே ஒரு தம்பிடி.

மெய்ப்புப் பார்க்க வித்துவான் சபாரத்தினம்.
சந்தி தெரிந்தவர், என் சங்கடம் தெரியாதவர்.
சிவப்புப் பென்சிலால் நாலையும் ஒன்றாக்கினார்.
ஒரே கதையில் இரண்டேகால் ரூபாய்
புணர்ச்சி விதியில் போனது.
மாதம் எட்டணா வெற்றிலைக் காசு என்று பேசியபின்
இலக்கணம் கொஞ்சம் தளர்ந்தது.

பிறகு பனி.
மூலத்தில் கொலைகாரன் பனியில் நடந்து போகிறான்,
தடம் விடியும்வரை காத்திருக்கிறது.
சென்னையில் பனிக்கு எங்கே போவேன்?
மழையில் தடம் நிற்காது,
மெரினாவில் ஆயிரம் பேர் தடம்.
மூன்று நாள் யோசித்து
அவனை சால்ட் கோட்டர்ஸ் கொட்டகைக்கு அனுப்பினேன்,
கொட்டிக் கிடந்த உப்பின்மேல்
வெறுங்காலோடு.
இடது குதிகாலில் பித்தவெடிப்பு.
அந்த வெடிப்பு என்னுடையது.
மூலத்தில் அவன் பூட்ஸ் போட்டிருந்தான்.

அட்டைக்கு பிளாக் செய்த தாவூத்
அந்தப் பெண்ணுக்குச் சேலை உடுத்தினான்,
கயிற்றை அவிழ்க்காமல்.
எப்படிப்பா என்றேன்.
"கொசுவம்தான் சார் சரியா வரல."

கடைசிப் பக்கம் என்னிடம் இருந்ததே இல்லை.
ஈரக்காற்றில் உதிர்ந்ததோ,
சமையல்காரன் அடுப்பு மூட்டக் கிழித்தானோ.
கொலைகாரனை நானே முடிவு செய்தேன்.
பதினாலு மாதம், பதினாலு பேர்.
அதில் நாலு பேர் அச்சக முதலாளிகள்.
வெங்கடேசலு படிக்கவில்லை, எண்ணினார்.

என் பெயர் போடவில்லை.
'மேஜர் மதிவதனன்' எழுதுவதாகப் போட்டார்கள்.
அமெரிக்கக்காரனும் அப்படித்தான் இருக்க வேண்டும்:
ஒரே பெயரில் மார்ச் மாதம்
கடலை அங்குலம் அங்குலமாக அறிந்த ஒருவன்,
ஏப்ரலில் நங்கூரத்தைக் கொடிமரத்தில் மாட்டுகிற ஒருவன்.

பதவி உயர்வு வந்தது, நான் விட்டுவிட்டேன்.
மேஜர் விடவில்லை.
அடுத்த வருஷம் பார்க் ஸ்டேஷன் கடையில்
அவருடைய புதுக் கதை தொங்கியது.
யாரோ ஒரு பையன்.
உப்பில் தடம், குதிகாலில் வெடிப்பு,
என்னிடமிருந்து எடுத்திருந்தான்.
போகட்டும், நடந்த காலை நான் கப்பலில்தானே எடுத்தேன்.
ஆனால் மூன்றாம் பத்தியில்
ஓடிக்கொண்டிருந்தான் என்று
ஒட்டியே எழுதியிருந்தான், பைத்தியக்காரன்.
யாரும் சொல்லித் தரவில்லை போல.

கடைக்காரர் சில்லறை தேடிக் குனிந்த நேரம்
சட்டைப்பைப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தேன்.
ஓடி | கொண்டு | இருந்தான்.
புத்தகத்தை மறுபடி கொடியில் மாட்டினேன்.

தாம்பரம் வண்டி
வந்துகொண்டிருந்தது.